வெட்டாமல் ஆகும் வண்டி: கஸ்டம் வேலைக்கு க்ரூசர் தேர்ந்தெடுப்பது எப்படி

கஸ்டம் பண்ண, அதாவது தன் ரசனைக்கு மாற்றிக்கொள்ள, க்ரூசர் (தாழ்ந்த சீட்டும் நீண்ட உடலும் உள்ள பைக்) வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை சிசி என்று. அடுத்த கேள்வி விலை. நான் முதலில் குனிந்து பார்ப்பது பின் சீட்டுக்கு அடியில் ஓடும் இரும்பை. கோவை கணபதியில் சின்னதாக ஒரு லேத்தும் வெல்டிங் செட்டும் வைத்திருக்கிறேன். பம்ப் வேலைக்கு நடுவில் இந்த மாதிரி வண்டிகளும் வந்துகொண்டே இருக்கும், எனக்கு மனசு அதில்தான்.

டேங்க், சீட், ஹேண்டில்பார், மட்கார்டு, லைட், பெயின்ட் இதெல்லாம் மாற்றிக்கொள்ளலாம். சேஸ் (வண்டியின் எலும்புக்கூடு), முன் வீலைத் தாங்கும் ஃபோர்க் சாய்ந்திருக்கும் கோணம், வீல்பேஸ் (இரண்டு வீல் அச்சுக்கும் இடையிலான தூரம்), ஃபுட்ரெஸ்ட் இருக்கும் இடம், ஆர்.சி.யில் அச்சாகியிருப்பது இவையெல்லாம் மாற்ற முடியாதவை, இல்லையென்றால் மாற்றவே கூடாதவை. இந்த இரண்டாவது பட்டியல் எந்த வண்டியில் உங்களுக்குப் பொருந்துகிறதோ அந்த வண்டியை வாங்குங்கள். முதல் பட்டியலைப் பார்த்து மயங்கி வாங்குகிறவர்கள்தான் பிறகு சேஸில் கட்டிங் மிஷின் வைக்கச் சொல்லி வந்து நிற்கிறார்கள்.

என்ன உருவம் வேண்டும்?

பாபர் என்றால் ஒற்றைச் சீட்டு, குட்டையான பின் மட்கார்டு, தடித்த டயர், வேண்டாததெல்லாம் கழற்றிய வண்டி. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பரவலான பாணி அது. கனமான வண்டிகளை இளைக்க வைக்க மட்கார்டை வெட்டியதில் தொடங்கியது. சாப்பர் வேறு. ஃபோர்க்கை நீட்டி, சேஸில் ஃபோர்க் மாட்டும் கழுத்தையே வெட்டிச் சாய்த்துச் செய்வது. அதை நம் ஊர் ரோட்டில் ஓட்டுவதற்காக நான் செய்வதில்லை, செய்யச் சொல்லவும் மாட்டேன். ஃபோர்க் அதிகம் சாய்ந்தால் நேர் ரோட்டில் வண்டி தண்டவாளம் போட்டது போல ஓடும். ஆனால் மெதுவாக வளைக்கும்போது ஹேண்டில் தானாக ஒரு பக்கம் விழும். காந்திபுரம் சிக்னலில் யூ டர்ன் எடுத்துப் பார்த்தால் புரிந்துவிடும். மூன்றாவது வகை, இரண்டு பேர் உட்கார்ந்து பையோடு ஊட்டி, வால்பாறை என்று போகிற தாழ்ந்த டூரர். கல்யாணமானவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒற்றைச் சீட்டு வண்டி வீட்டில் எத்தனை நாள் தங்கும் என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

உருவம் முடிவானதும் ஒரு சோதனை. விற்கிற வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முட்டி உயரத்தில் போனைப் பிடித்து, பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று, நேர் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். பக்கத்தில் போய் எடுத்தால் அளவு ஏமாற்றும். அந்தப் படத்தில் டேங்கின் அடிவிளிம்பிலிருந்து சீட்டின் அடி வழியாகப் பின் பக்கம் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு பின் வீலின் அச்சை நோக்கி இறங்கினால் பாபர் தானாக வரும். டேங்குக்குப் பிறகு கோடு படுக்கையாக ஓடினாலோ, சீட்டுக்குப் பின்னால் மேலே தூக்கினாலோ, அதில் பாபர் ஒட்டாது. எவ்வளவு செலவு செய்தாலும் பின் பாதி வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியது போலவே தெரியும்.

சேஸை ஏன் வெட்டக் கூடாது

"அண்ணா, பின்னாடி இந்த லூப்ப மட்டும் கட் பண்ணிட்டா போதுங்ணா" என்று பையன்கள் சாதாரணமாகச் சொல்கிறார்கள். சீட்டைத் தாங்கும் அந்த வளையம் அலங்காரத்துக்கு இருப்பதல்ல. பல வண்டிகளில் ஷாக் அப்சார்பரின் மேல் முனை அதற்கு மிக அருகில்தான் மாட்டப்பட்டிருக்கும். பின் வீல் குழியில் விழும்போது வரும் அடி முழுக்க அங்கேதான் ஏறும். வெல்டிங் வைத்தால் அந்த இடத்துக்குப் பக்கத்திலுள்ள இரும்பின் தன்மை சூட்டில் மாறிவிடும். மெல்லிய குழாயில் வெல்டு நடுவே உடையாது, அதன் ஓரத்தில்தான் கோடு விடும். கம்பெனி அதற்கென்று செய்த ஜிக்கில், அதாவது குழாய் நகராமல் பிடிக்கும் சட்டத்தில் பூட்டி, வரிசை முறைப்படி வெல்டு செய்கிறது. நாங்கள் பட்டறையில் எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் அந்த ஜிக் எங்களிடம் இல்லை. கழுத்துப் பகுதியில் இது நடந்தால் ஓட்டுகிறவர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

சட்டமும் அதே பக்கம்தான் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182-ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவதும் இதைத்தான். வண்டியின் நிறம் மாற்றினால்கூட ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வைக்க வேண்டும்.

பலர் கவனிக்காத இன்னொன்று. பின்னால் ஆள் ஏறும் வண்டியில் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின் வீலில் பாதியாவது மறைக்கும் சேலை கார்டு மூன்றும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. அழகைக் கெடுக்கிறது என்று முதலில் கழற்றி எறிவது அந்த சேலை கார்டைத்தான். துப்பட்டா வீலில் சிக்குவதால் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கம்பியில் மெலிதாக, வண்டியின் உருவத்தோடு சேருகிற மாதிரி சேலை கார்டு வளைத்துத் தர முடியும். நல்ல கஸ்டம் வேலை என்றால் எனக்கு அதுதான்.

ஆகவே பாபர் ஆசைப்படுகிறவர்கள் கம்பெனியிலிருந்தே ஒற்றைச் சீட்டாக வருகிற, அல்லது போல்ட் கழற்றி ஒற்றைச் சீட்டாக்கக்கூடிய வண்டியைத் தேடுவது நல்லது.

எந்த வண்டி?

என் கைக்கு வந்து போகிறவற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பட்ஜெட் குறைவு என்றால் பஜாஜ் அவெஞ்சர் 220. இதன் வம்சம் கவாஸாகி எலிமினேட்டரிலிருந்து வருகிறது. 2005-ல் அவெஞ்சர் என்ற பெயரில் 180 சிசியாக வந்து, 200 ஆகி, 2010-ல் 220 ஆனது. சீட் உயரம் 737 மி.மீ. தான், ஐந்தடி இரண்டங்குலம் இருப்பவருக்கும் இரண்டு காலும் தரையில் படும். பின்னால் 130/90-15 டயர், அதாவது பாபருக்கு வேண்டிய தடித்த, சின்னப் பின் வீல் கம்பெனியிலிருந்தே வருகிறது. ஃபோர்க் சாய்வாக இருக்கிறது, ஃபுட்ரெஸ்ட் முன்னால் இருக்கிறது. வெட்டாமல் ஆகும் வேலை இதில் நிறைய. பார்ட்ஸ் எந்த ஊரிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் தொடுவார். குறை என்று பார்த்தால் முன் பக்கம் மெலிந்து தெரியும். ஹெட்லைட்டைச் சின்னதாக்கி, ஃபோர்க்குக்கு உறை போட்டால் அது பெரும்பாலும் சரியாகிவிடும். முதல் வண்டிக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான்.

பழைய ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 350 இரண்டாவது. 2002-ல் வந்து 2020-ல் நின்றது. கார்புரேட்டர் எஞ்சின் என்பதுதான் இதன் பெரிய பலம். டேங்க் மாற்ற ஆசைப்பட்டால் பெட்ரோல் டேப்பும் ஒரு டியூபும் போதும். 2012-க்குப் பிந்தைய மாடலில் பின்னாலும் டிஸ்க் பிரேக். 20 லிட்டர் டேங்க் பலருக்குப் பிடிக்காது, குண்டாக இருக்கிறது என்பார்கள். எனக்கு டூரருக்கு அது பொருத்தமாகவே படுகிறது. 2018-ல் வந்த 350 எக்ஸில் டியூப்லெஸ் அலாய் இருக்கிறது. பஞ்சருக்குப் பயந்தவர்கள் அதைத் தேடலாம். ஆனால் தண்டர்பேர்டில் பாபர் கோடு சுலபமாக வராது. டூரராக, அல்லது கொஞ்சம் இளைத்த ரோட்ஸ்டராக மாற்றத்தான் அது நல்ல வண்டி.

2020 நவம்பரில் அதன் இடத்துக்கு மீட்டியார் 350 வந்தது. 349 சிசி, 20.2 குதிரைத்திறன், 191 கிலோ, சீட் உயரம் 765 மி.மீ. ஓட்டுவதற்கு தண்டர்பேர்டைவிட எல்லா வகையிலும் மேல். அதிர்வு குறைவு, சேஸ் உறுதி, பிரேக் நன்றாகப் பிடிக்கும். முன்னால் 19, பின்னால் 17 அங்குல வீல், 140 டயர். உருவத்தை அதிகம் தொடாமல் சீட், ஹேண்டில்பார், வின்ட்ஷீல்டு, பெயின்ட், பேனியர் (பக்கவாட்டுப் பெட்டி) என்று அழகு பார்க்கிறவருக்கு இதைவிட நல்ல அடிப்படை இந்த விலையில் இல்லை. கம்பெனியே விற்கும் ஆக்சசரிகளும் நிறைய. ஆனால் உள்ளே கை வைக்கும் முன் எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதிலாக எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் ஃப்யூவல் இன்ஜெக்ஷன்) பற்றிக் கீழே எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

கையில் காசு இருந்தால் சூப்பர் மீட்டியார் 650, ஷாட்கன் 650. இரண்டும் 648 சிசி இரட்டை சிலிண்டர். சூப்பர் மீட்டியார் 241 கிலோ, சீட் 740 மி.மீ., பின் வீல் 16 அங்குலம். பார்க்கவே மயக்கும் வண்டி. ஆனால் கிரவுண்ட் கிளியரன்ஸ் 135 மி.மீ. தான். பின் ஷாக்கை மாற்றி இன்னும் இறக்கித் தரச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். நம் ஊர் தெருமுனை ஸ்பீட் பிரேக்கரில் வயிறு தட்டினால் அடிபடுவது சைலன்சர் பைப்பும் எஞ்சின் அடியும்தான். 2024-ல் வந்த ஷாட்கன் கஸ்டம் பண்ணவே யோசித்துச் செய்த வண்டி. பின் சீட்டையும் அதைத் தாங்கும் சட்டத்தையும் போல்ட் கழற்றி எடுத்தால் ஒற்றைச் சீட்டாகிவிடும். மேலே சொன்ன வெட்டும் பிரச்சினையே இல்லை. புது வண்டியில் பாபர் வேண்டுமென்றால் என் முதல் ஓட்டு இதற்கு.

ஜாவா பெராக்கையும் பாருங்கள். 334 சிசி, கம்பெனியே ஒற்றைச் சீட்டு பாபராக விற்றது. கோடு அப்படியே வாய்த்திருக்கிறது. அதில் கஸ்டம் என்று செய்ய மிச்சம் பெயின்ட்டும் தோல் வேலையும்தான், அதுவும் ஒரு சுகம். ஹார்லியின் ஸ்ட்ரீட் 750 செகண்ட் ஹேண்டில் ஆசை காட்டும் விலைக்கு வரும். 2020-க்குப் பிறகு அந்த வண்டி இங்கே வரவில்லை. வாங்கும் முன் கிளட்ச் பிளேட், பிரேக் பேடு, ரேடியேட்டர் ஃபேன் மூன்றும் எங்கே, எத்தனை நாளில் கிடைக்கும் என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

கார்புரேட்டரா, எஃப்.ஐ.யா

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு எல்லாப் புது வண்டியும் ஏறக்குறைய எஃப்.ஐ. தான். அதில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள் உட்கார்ந்திருக்கும். டேங்க் மாற்ற வேண்டுமென்றால் பம்ப் உட்காரும் வளையத்தைப் புது டேங்கில் லீக் இல்லாமல் பற்ற வைக்க வேண்டும், உள்ளே உயரமும் சரியாக இருக்க வேண்டும். ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றிவிட்டு கூம்பு ஃபில்டர் மாட்டினால் காற்று அதிகமாகி எஞ்சின் சூடேறும், ஆக்ஸிலரேட்டர் திருகும்போது இழுத்து இழுத்து ஓடும். சைலன்சரை மாற்றினால் அதிலிருக்கும் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்யும் பகுதி) போய், வண்டி பொல்யூஷன் டெஸ்டில் தோற்கும். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் வேறு வீல் மாட்டினால் அதன் சென்சார் வளையமும் கூடவே சரியான இடைவெளியில் வர வேண்டும். உயரமான ஹேண்டில்பார் போட்டால் ஆக்ஸிலரேட்டர், கிளட்ச் கேபிளோடு பிரேக் ஹோஸும் நீளமாக்க வேண்டும். பிரேக் ஹோஸில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

சுருக்கமாக: வண்டியின் நடுப்பகுதியைக் காலியாக்கி, டேங்க் மாற்றி, வயரிங் புதிதாக இழுக்கும் எண்ணம் இருந்தால் கார்புரேட்டர் வண்டி. மேல்பூச்சு வேலை என்றால் எஃப்.ஐ. வண்டி.

பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது

காலையில் போங்கள், எஞ்சின் ஆறியிருக்கும்போது. முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் கேள்வி கேளுங்கள்.

முதலில் கழுத்து. ஹேண்டிலை முழுக்க இடமும் வலமும் திருப்பினால் நிற்கும் இடத்தில், சேஸில் ஒரு சின்ன இரும்புக் கட்டை இருக்கும். அது நசுங்கியோ, ஒரு பக்கம் மட்டும் வளைந்தோ இருந்தால் வண்டி எதன் மீதோ மோதியிருக்கிறது. அதற்குக் கீழே இறங்கும் குழாயில் விரலை வைத்து மேலிருந்து கீழே தடவுங்கள். பெயின்ட்டில் குறுக்காக மெல்லிய சுருக்கமோ மடிப்போ விரலில் தட்டினால், குழாய் ஒரு முறை மடங்கி நிமிர்த்தப்பட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். கம்பெனி வெல்டு சீரான அலைகளாக இருக்கும். கிரைண்டர் போட்டு வழவழப்பாக்கிய இடம் இருந்தால் அங்கே யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள். பிறகு சேஸ் நம்பர். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கின்றனவா, சுற்றிலும் பெயின்ட் மட்டும் புதிதாக இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் பேச்சை நீட்ட வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு முன் வீல் தரையில் படாமல் தூக்கி, ஹேண்டிலை ஒற்றை விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் லேசாகப் பள்ளத்தில் விழுவது போல நின்றால் கோன் செட் (கழுத்திலுள்ள பேரிங்) போயிருக்கிறது. அது சின்னச் செலவு, பேரம் பேச உதவும். பின் வீலைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டினால் பின் வீலைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்ததா என்று தெரியும். பின் டயரின் இரு பக்கமும் நூல் பிடித்து முன் டயர் வரை இழுத்து, இரண்டு பக்கமும் இடைவெளி சமமா என்று பாருங்கள். தண்டர்பேர்டில் செல்ஃப் அடிக்கும்போது கடகடவென்று சத்தம் வந்தால் செல்ஃப் மோட்டாரை எஞ்சினோடு இணைக்கும் ஸ்ப்ராக் கிளட்ச் தேய்ந்திருக்கலாம். சீட்டைக் கழற்றி வயரிங்கைப் பார்ப்பதும் அவசியம். ஏற்கெனவே யாராவது பாதி கஸ்டம் செய்து விட்ட வண்டி என்றால் டேப் சுற்றிய மூட்டைதான் உள்ளே இருக்கும். அந்த வண்டியை வாங்கினால் முந்தைய ஆள் விட்ட வேலையைச் சரிசெய்வதிலேயே உங்கள் காசு போய்விடும். மாற்றமே செய்யாத, அழுக்குப் பிடித்த, அழகில்லாத வண்டிதான் நமக்கு வேண்டும்.

பேப்பரில், ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் கடன் முடிந்தது என்று பேங்க் கொடுத்த படிவம் 35 இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்ற படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வேண்டும். வெளி மாநில வண்டி என்றால் அங்கே உள்ள ஆர்.டி.ஓ. தரும் என்.ஓ.சி.யும் (ஆட்சேபமில்லைச் சான்று), இங்கே கட்ட வேண்டிய வரியும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பதினைந்து வருடத்தை நெருங்கும் வண்டி மலிவாக வரும். ஆனால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்த வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

காசும் அதற்குப் பிறகும்

மொத்தம் ஒன்றரை லட்சம் என்று முடிவு செய்திருந்தால் தொண்ணூறாயிரத்துக்கு மேல் வண்டிக்குப் போடாதீர்கள். டயர், செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக், கோன் செட், ஃபோர்க் ஆயில் சீல் என்று பெயின்ட்டுக்கு முன்பே ஒரு தொகை போய்விடும். முதலில் இவற்றை முடித்துவிட்டு, வண்டியைக் கம்பெனி உருவத்திலேயே கொஞ்ச நாள் ஓட்டுங்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒரு முறை ஏறி இறங்கினால் ஃபுட்ரெஸ்ட் எங்கே உரசுகிறது, முதுகு எங்கே வலிக்கிறது, ஹேண்டில் இன்னும் எவ்வளவு பின்னால் வர வேண்டும் என்று உடம்பே சொல்லிவிடும். அந்தக் குறிப்போடு பட்டறைக்கு வந்தால் வேலை பாதியில் மாறாது.

கழற்றும் ஒவ்வொரு பார்ட்ஸையும் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். பழைய சைலன்சர், மட்கார்டு, சேலை கார்டு, இண்டிகேட்டர் எல்லாம் துடைத்து, எண்ணெய் தடவி, போல்ட்டுகளை அதனதன் பையில் போட்டுப் பெயர் எழுதி வைத்துவிடுங்கள். எடைக்குப் போட்டால் ஐந்நூறு ரூபாய் வரும். புதுப்பிக்கும்போதோ விற்கும்போதோ திரும்ப வாங்கப் போனால் பழைய பார்ட்ஸ் விற்கும் சென்னைப் புதுப்பேட்டை முழுக்க அலைந்தாலும் ஒரே மாடலுக்கு ஜோடி கிடைக்காது.